குருமான் ஊற்றருகே ஐம்பது ஆண்டுகள்



திருத்தூதர் பணிகள் நூலின் 18ஆம் அதிகாரத்திலே ஒரு தம்பதியரை நாம் சந்திக்கின்றோம். அக்கிலா, பிரிஸ்கில்லா என்பது அவர்களின் பெயர். கூடாரம் செய்வது அவர்களின் தொழில். உரோமையிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கொரிந்து நகருக்கு வந்த இவர்கள், தூய பவுலுக்குத் தம் வீட்டிலே இடமளித்தனர். பின்னர் அவருடன் எபேசு வரை சென்றனர். அங்கே அப்பொல்லோ என்னும் சொல்வன்மை மிக்க போதகரை அழைத்து, இறைநெறியை அவருக்கு இன்னும் தெளிவாக விளக்கினர். இவர்களின் வீட்டிலே ஒரு திருச்சபை கூடி வந்ததை உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 16ஆம் அதிகாரம் நமக்குச் சொல்கின்றது. 2007ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ற் தமது புதன் மறையுரையொன்றை இத்தம்பதியருக்கென்றே ஒதுக்கியிருந்தார்.

மறைப்பணி என்றதும் கப்பலேறி வந்த துறவிகளும் குருக்களுமே நம் நினைவுக்கு வருகின்றனர். ஆனால் கணவனும் மனைவியுமாக அந்நிய மண்ணில் குடியேறி, சமையலும் தோட்டமும் பிள்ளை வளர்ப்புமாக வாழ்ந்துகொண்டே நற்செய்தி அறிவித்தோரும் உளர். அப்படிப்பட்ட ஒரு தம்பதியரைப் பற்றி இவ்வாரம் சிந்திப்போம். அவர்கள் கத்தோலிக்கர் அல்லர். இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். எனினும் பிரிந்த சகோதரரிடம் காணப்படும் உண்மையான கிறிஸ்தவ நலன்களைக் கத்தோலிக்கர் மகிழ்வுடன் ஏற்றுப் போற்ற வேண்டுமென இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏடு நமக்குக் கற்பித்திருக்கின்றது.

தோட்டக்காரரும் பண்ணையார் மகளும்

ரொபேர்ட் மொபட் 1795இல் ஸ்கொட்லாந்திலே எளிய குடும்பமொன்றில் பிறந்தார். தோட்டக்கலை பயின்று, இங்கிலாந்திலுள்ள மரக்கன்றுப் பண்ணையொன்றில் வேலைக்கமர்ந்தார். அப்பண்ணையின் உரிமையாளர் மகளே மேரி ஸ்மித். இருவரும் ஒருவரையொருவர் விரும்பினர்; இருவருக்கும் மறைப்பணியில் நாட்டம் இருந்தது. ஆனால் மகளைத் தொலைதூர நாட்டுக்கு அனுப்பப் பெற்றோர் இசையவில்லை. எனவே 1816இல் ரொபேர்ட் தனியாகவே தென்னாபிரிக்காவுக்குக் கப்பலேறினார். மேரி காத்திருந்தார். ஈற்றில் பெற்றோரின் மனம் இளகவே, அவரும் பயணப்பட்டு, 1819 டிசம்பரில் கேப் டவுன் நகரில் ரொபேர்ட்டைக் கைப்பிடித்தார். அப்போது இருவருக்கும் வயது 24.

கலகாரிப் பாலைவனத்தின் ஓரத்திலே, சுவானா மக்கள் நடுவே அவர்களின் வாழ்வு தொடங்கியது. இன்றைய தென்னாபிரிக்காவின் வட கேப் மாகாணத்திலுள்ள குருமான் என்னும் இடமே அவர்களின் நிலையான இல்லமாயிற்று. வறண்ட அந்த நிலத்திலே ஒரு பெரும் ஊற்று உண்டு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடி லீற்றர் நீரை அது வெளிப்படுத்துவதாகச் சொல்லப்படுகின்றது. உடன்பணியாளரான ரொபேர்ட் ஹமில்டனுடன் சேர்ந்து மொபட் வாய்க்கால் வெட்டி அந்நீரைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்.

சாணத்தால் மெழுகிய வீடு

மேரி தம் வீட்டாருக்கு எழுதிய கடிதங்களிலே அவர்களின் அன்றாட வாழ்வைக் காண முடிகின்றது. ஒரு கடிதத்திலே அவர், வீட்டின் எல்லா அறைகளின் தரையையும் வாரம் ஒருமுறையேனும் மாட்டுச் சாணத்தால் மெழுகுவதாக எழுதுகின்றார். இங்கிலாந்திலுள்ள தம் உறவினர் இதைக் கேட்டு வியப்படைவார்கள் என்பது அவருக்குத் தெரியும். தொடக்கத்தில் அவருக்கும் இது பிடித்திருக்கவில்லை. ஆனால் புழுதியை அடக்கவும் தெள்ளுப்பூச்சி பெருகாமல் தடுக்கவும் அதைவிடச் சிறந்தது வேறில்லை என்று விரைவிலேயே கண்டுகொண்டார். பின்னர் சனிக்கிழமை எப்போது வருமென்று காத்திருக்குமளவுக்கு அவர் மனம் மாறிவிட்டது.

நம் பாட்டிமார் இதை வாசித்தால் சிரிப்பார்கள். சாணம் மெழுகிய திண்ணையின் குளிர்ச்சியை அவர்களுக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் இச்சிறு செய்திக்குள்ளே ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கின்றது. கற்பிக்க வந்த பெண்மணி முதலில் கற்றுக்கொண்டார். அவ்வூர்ப் பெண்கள் தங்கள் நிலத்தையும் காலநிலையையும் அறிந்தவர்கள் என்பதைத் தம் கைகளாலேயே உணர்ந்துகொண்டார்.

ரொபேர்ட் ஒருவரே தோட்டக்காரராகவும் கொல்லராகவும் தச்சராகவும் கட்டடக்காரராகவும் உழைக்க வேண்டியிருந்தது. மேரி வீட்டு வேலைகளோடு பெண்களுக்குத் தையலும் கற்பித்தார். உள்நாட்டுக்குப் போகின்ற வேட்டைக்காரர், வணிகர், ஆய்வுப் பயணிகள், இளம் மறைப்பணியாளர் எனப் பலரும் குருமானிலே தங்கிச் சென்றனர். அவர்களுக்கெல்லாம் உணவும் இடமும் கொடுத்தது அந்த வீடுதான். மாட்டு வண்டியில் கேப் டவுன் நகருக்குப் போவதென்றால் அது வாரக்கணக்கான பயணம். கல்விக்காகப் பிள்ளைகளை அத்தனை தொலைவுக்கு அனுப்பிவிட்டு, கடிதத்துக்காக ஏங்கியிருப்பது அத்தாயின் வாழ்வாயிற்று.

வெறுங்கையோடு காத்திருந்த ஆண்டுகள்

அன்பார்ந்தவர்களே, தொடக்க ஆண்டுகள் மிகக் கடினமானவை. மக்கள் அவர்களின் போதனையைக் கேட்கவில்லை. தோட்டத்துக்கு வந்த நீரை வேறு பக்கம் திருப்பிவிட்டனர். மழை பொய்த்தபோது அந்நியர்களாலேயே மழை வரவில்லை என்று குற்றஞ் சாட்டினர். ஒருநாள் தலைவர்களில் ஒருவர் ஈட்டியுடன் வந்து, ஊரைவிட்டு வெளியேறுமாறு கட்டளையிட்டார். மேரி குழந்தையைக் கையில் ஏந்தியபடி வாசலிலே நின்றார். ரொபேர்ட் தம் மார்பைத் திறந்து காட்டி, கொல்வதானால் கொல்லலாம், தாமாகப் போகப் போவதில்லை என்றார். வந்தவர்கள் திகைத்துத் திரும்பிச் சென்றனர்.

ஏறத்தாழ பத்து ஆண்டுகள் உழைத்தும் ஒருவரேனும் திருமுழுக்குப் பெறவில்லை. அத்தகைய நாட்களிலேதான் இங்கிலாந்திலுள்ள தோழி ஒருவர் மேரிக்கு எழுதி, என்ன அன்பளிப்பு அனுப்பலாம் என்று கேட்டார். திருவிருந்துக்கான பாத்திரங்களை அனுப்புமாறு மேரி பதில் எழுதினார். விருந்தில் பங்குகொள்ள ஊரிலே ஒருவர்கூட இல்லாத வேளையில் எழுதப்பட்ட பதில் அது! என்றோ ஒருநாள் அவை தேவைப்படும் என்று அவர் நம்பினார். 1829இல் முதன்முதலாக ஆறு பேர் திருமுழுக்குப் பெற்றனர். கடல் கடந்து வந்த அப்பாத்திரங்கள் அந்த ஞாயிறுக்குச் சற்று முன்னரே குருமானை வந்தடைந்திருந்தன.

ரொபேர்ட்டின் பெரும் உழைப்பு மொழிபெயர்ப்பிலே கழிந்தது. அகராதியோ இலக்கண நூலோ இல்லாத நிலையில், மக்களோடு பழகியே செட்சுவானா மொழியைக் கற்றார். லூக்கா நற்செய்தியை 1830இல் கேப் டவுனில் அச்சிட்டபோது அச்சுத்தொழிலையும் பயின்றுகொண்டார். திரும்பி வரும்போது ஓர் அச்சு இயந்திரத்தையும் வண்டியில் ஏற்றி வந்தார். புதிய ஏற்பாடு 1840இல் இலண்டனிலே அச்சாகியது. முழு விவிலியமும் 1857இல் குருமானிலேயே அச்சிட்டு முடிக்கப்பட்டது. இறுதி வசனத்தை எழுதி முடித்தபோது, அத்தனை ஆண்டு உழைப்பு நிறைவேறிவிட்டதென்பதைத் தம்மால் நம்பவே முடியவில்லை என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

குறையையும் மறைக்கலாகாது

இத்தம்பதியரைப் போற்றும்போது அவர்களின் குறையையும் சொல்லியாக வேண்டும். சுவானா மக்களிடம் சமய உணர்வே இல்லை என்று ரொபேர்ட் கருதினார். தம் முன்னோரைக் குறிக்க அம்மக்கள் வழங்கிய ‘பதிமோ’ என்னும் மதிப்புக்குரிய சொல்லை, விவிலியத்திலே பேய்களைக் குறிக்கப் பயன்படுத்தினார். ஒரு மக்கள் குலத்தின் மூதாதையரையே பேய்களாக்கிவிட்ட மொழிபெயர்ப்பு இது என்று ஆப்பிரிக்க விவிலிய அறிஞர்கள் பிற்காலத்திலே நியாயமாகக் கண்டித்தனர். இறந்தோரை நினைந்து நவம்பர் மாதம் முழுவதும் செபிக்கின்ற நமக்கு அந்த வேதனை நன்கு விளங்கும். தரையை மெழுகும் முறையை அவ்வூராரிடம் கற்றுக்கொண்ட அதே வீட்டிலேதான் இத்தவறும் நிகழ்ந்தது. பிறருடைய பண்பாட்டில் இறைவன் ஏற்கெனவே விதைத்திருப்பவற்றைக் கண்டு மதிக்க வேண்டுமென்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வற்புறுத்தியது. அதற்கான காரணத்தை இங்கே காணலாம்.

முதுமையும் துயரமும்

அறுபதைக் கடந்த பின்னரும் அவர்கள் ஓய்ந்திருக்கவில்லை. 1859இல் ரொபேர்ட் மாட்டு வண்டியில் மிகத் தொலைவு பயணஞ் செய்து, இன்றைய சிம்பாப்வேயிலுள்ள இன்யாட்டியில் புதிய பணித்தளமொன்றை நிறுவ உதவினார். அவருடைய மகன் ஜோனும் அப்பணியில் இணைந்திருந்தார். முதியவர் அங்கே இளைஞரைப் போல மரம் அறுத்தும் இரும்படித்தும் உழைத்தார். அந்நாட்களில் குருமான் வீட்டின் பொறுப்பு மேரியிடமே இருந்தது.

பின்னர் துயரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவர்களின் மூத்த மகள் மேரி, புகழ்பெற்ற டேவிட் லிவிங்ஸ்டனை 1845இல் மணந்தவர். அவர் 1862 ஏப்ரலில் சம்பேசி நதிக்கரையிலே காய்ச்சலால் இறந்தார். அதே ஆண்டில் மகன் ரொபேர்ட்டும் இறந்தார். 1866இல் இன்னொரு மகளான ஆனின் கணவர் கொடூரமான முறையில் உயிரிழக்க, அவர் சிறு பிள்ளைகளுடன் கைம்பெண்ணானார். சொந்த நாட்டிலிருந்து ஆறாயிரம் மைல்களுக்கு அப்பால், பெற்ற பிள்ளைகளின் மரணச் செய்தியைக் கடிதத்திலே வாசிக்க நேர்ந்த அந்த முதிய பெற்றோரை எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக் கிடைக்காத துயரத்தை நம் மண்ணின் பெற்றோருக்கு விளக்கத் தேவையில்லை. ஆயினும் மணியடித்து மக்களைக் கூட்டவும், வழிபாடு நடத்தவும், வந்த விருந்தினருக்கு உணவளிக்கவும் அவர்கள் தவறவில்லை.

உடல் தளர்ந்த நிலையில், 1870 மார்ச் மாதத்தில் ரொபேர்ட் குருமான் ஆலயத்தில் கடைசி மறையுரையை ஆற்றினார். இருவருக்கும் அப்போது வயது 74. புறப்பட்ட நாளில் மக்கள் அழுதபடி வண்டியைப் பின்தொடர்ந்தனர். முன்னொரு காலத்தில் ஈட்டியோடு வந்து வெளியேறச் சொன்ன அதே நாட்டில்தான் இது நிகழ்ந்தது.

‘வீட்டுக்குத் திரும்புகின்றோம்’ என்றுதான் அவர்கள் இங்கிலாந்துக்குச் சென்றிருப்பார்கள். ஆனால் அரை நூற்றாண்டுக்குப் பின் எது வீடு? அங்கே போய்ச் சேர்ந்து சில மாதங்களுக்குள், 1871 ஜனவரியில், மேரி இறைவனடி சேர்ந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமக்காகச் செபித்து வந்தவர் போய்விட்டாரே என்று ரொபேர்ட் புலம்பினார். அவள் சமைத்ததையோ தைத்ததையோ அவர் முதலில் நினைக்கவில்லை; தமக்காக அவள் செபித்ததையே நினைத்தார். அதன் பின்னர் 1883இல் தம் 87ஆவது வயதிலே இறக்கும்வரை, ஆப்பிரிக்க மக்களைப் பற்றி எங்கும் பேசி வந்தார்.

நமக்கு ஒரு வினா

இன்று நம் பங்குகளிலே எத்தனையோ வீடுகளில் முதிய தம்பதியர் மட்டுமே இருக்கின்றனர். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழ்கின்றனர். தொலைபேசி மணிக்காகக் காத்திருப்பதே நாளின் பெரும் அலுவலாகிவிடுகின்றது. “எங்கட காலம் முடிஞ்சுது சுவாமி” என்று சொல்வோரை நான் அடிக்கடி சந்திக்கின்றேன். அவர்களின் தனிமையை நான் எளிதாகப் பேசிவிட விரும்பவில்லை. அது உண்மையான பாரம்.

ஆயினும் அவர்களிடம் ஒன்றைக் கேட்க விரும்புகின்றேன். உங்கள் ஒழுங்கையிலே தாயற்ற பிள்ளை ஒன்று இல்லையா? புதிதாக மணமுடித்து, சிறு பிணக்குக்கும் கலங்கி நிற்கும் இளந்தம்பதியர் இல்லையா? இடம்பெயர்ந்து வந்து அயலவரை அறியாமல் வாழும் குடும்பம் இல்லையா? நற்கருணை கொண்டுவரும் குருவுக்காகக் காத்திருக்கும் நோயாளியின் அருகே அரைமணி நேரம் அமர்ந்து செபமாலை சொல்ல எவரேனும் வேண்டாமா? அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் அப்பொல்லோவைத் தம்மிடம் அழைத்தே விளக்கம் அளித்தனர். அதற்குக் கதவைத் திறக்கும் மனம் மட்டுமே தேவைப்பட்டது.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். கடல் கடந்து வாழும் நீங்கள் பெற்றோருக்குப் பணம் அனுப்புகின்றீர்கள், அது நன்று. அவர்களின் செபம் இத்தனை ஆண்டுகளாக உங்களைத் தாங்கியிருக்கின்றது என்பதை அவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களிடம் சொல்லுங்கள். ரொபேர்ட் மொபட் அதை மேரியின் மரணத்தின்போது சொன்னார்.

இவ்வாரம் மாலைச் செபத்திலே, கணவனும் மனைவியுமாக ஒரே ஒரு மன்றாட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: “ஆண்டவரே, எங்கள் வீட்டு வாசலுக்கு நீர் அனுப்புகின்றவரை அடையாளங் காண எங்களுக்குக் கண்களைத் தாரும்.” அவர் அனுப்பும்போது அடுப்பில் ஒரு கோப்பைத் தேநீருக்கான தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கட்டும். ஆமென்.