முதலில் வந்தும் தோற்கலாம்

மாணவர்களே, ஓட்டப்பந்தயத்தில் முதலில் வருபவரே வென்றவர். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளுக்கிடையே நடைபெறும் பாய்மரப் படகுப் போட்டிகளில் அவ்வாறு உறுதியாகச் சொல்லிவிட இயலாது.

இப்போட்டிகளில் ‘420’ என்னும் வகைப் படகுகள் மிகுதியாகப் பயன்படுகின்றன. நீளம் 4.2 மீட்டர் என்பதால் அப்பெயர். படகிற்கு இருவர். ஒருவர் சுக்கானையும் பெரிய பாயையும் கையாள்வார். பழந்தமிழர் இவரை மீகாமன் என்றிருப்பர். மற்றவர் முன்பாயை இழுத்தும் தளர்த்தியும், தம் உடல் எடையால் படகு கவிழாமல் காத்தும் துணைபுரிவார். போட்டியை நடத்தும் பள்ளியே பெரும்பாலும் படகுகளைத் தரும். அணிகள் அவற்றை மாற்றி மாற்றிச் செலுத்துவதால், நல்ல படகு எதிரணிக்கே வாய்த்தது என்று எவரும் குறைகூற இயலாது.

பல பள்ளிகளின் படகுகள் ஒன்றாகப் புறப்படுவது ஒருவகைப் போட்டி. முதலிடத்திற்கு 1 புள்ளி, இரண்டாமிடத்திற்கு 2 புள்ளி எனப் பல சுற்றுகளைக் கூட்டி, குறைந்த புள்ளி பெற்ற பள்ளியை வென்றதாக அறிவிப்பர். இதற்குரிய தேசியப் பரிசு மாலரி கோப்பை.

மற்றொரு வகையே சுவைமிக்கது. இரண்டு பள்ளிகள் மும்மூன்று படகுகளுடன் மோதும். ஆறு இடங்களின் கூட்டுத்தொகை 21; ஆகவே 10 அல்லது அதற்கும் குறைவாகப் பெற்ற அணி வெல்லும். ஓர் அணி 1, 5, 6 ஆகிய இடங்களைப் பெற்றால் மொத்தம் 12. எதிரணிக்கோ 2, 3, 4 சேர்ந்து 9. முதற்படகின் அணி தோற்றுவிடுகிறது!

எனவே முன்னே செல்பவர் தம் தோழர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே செல்ல வேண்டும். அவர்கள் 4, 6 ஆகிய இடங்களில் இருந்தால் மொத்தம் 11, தோல்வி. அப்போது அவர் தம் வேகத்தைக் குறைத்து, எதிரணிப் படகிற்குக் காற்று வரும் பக்கமாகச் சென்று நிற்பார். அவருடைய பாயில் பட்டுக் கலைந்த காற்றே அப்படகை அடையும், அது தளரும். அந்நேரத்தில் நான்காவதாக வந்த தோழர் முந்தி மூன்றாமிடம் பெறுவார். 11 இப்போது 10 ஆகிவிட்டது. காற்றை மறிப்பது சூழ்ச்சி போலத் தோன்றலாம். ஆனால் விதிகள் அதனை அனுமதிக்கின்றன.

மோதுவதற்கு மட்டும் அனுமதியில்லை. இடப்பக்கத்திலிருந்து காற்றைப் பெறும் படகு, வலப்பக்கத்திலிருந்து பெறும் படகிற்கு வழிவிட வேண்டும். தவறியவர், நடுவர் அருகில் இல்லாவிடினும், தாமே படகை வட்டமாகச் சுழற்றித் தண்டனையை ஏற்றுக்கொள்வார். அதற்குள் இரண்டு படகுகள் அவரைக் கடந்துவிடலாம்.

ஓர் அணி 2, 3, 5 ஆகிய இடங்களைப் பெற்றால் வெற்றி யாருக்கு? கணக்கிட்டு எழுதுக.