மணி 'கோஸ் ஆஃப்' என்றால் என்ன?

மாணவர்களே! ஓர் ஆய்வுக்கூடத்தின் சுவரில், 'இஃப் தி அலாரம் கோஸ் ஆஃப், லீவ் அட் ஒன்ஸ்' என்ற எச்சரிக்கை எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். மணி நின்றுவிட்டால் வெளியேற வேண்டும் என்பதா இதன் பொருள்? இல்லை, மணி ஒலிக்கத் தொடங்கியதும் உடனே வெளியேற வேண்டும் என்பதே.

'கோ', 'ஆஃப்' என்னும் இரு சொற்களும் சேர்ந்து ஒரே வினையாகும்போது, பொருளை முடிவு செய்வது எழுவாயே. விளக்கு 'கோஸ் ஆஃப்' என்றால் அணைகிறது. வெடிகுண்டு என்றால் வெடிக்கிறது. பால் என்றால் கெட்டுப்போகிறது. இது பிரிட்டிஷ் வழக்கு. இறந்த காலத்தில் 'வென்ட் ஆஃப்' என வரும்.

ஆகவே, இத்தொடரைக் கண்டதும் எழுவாய் எது என்று முதலில் பாருங்கள். விளக்குக்குரிய பொருளை மணிக்குக் கொடுத்தால், வெளியேற வேண்டிய நேரத்தில் உட்கார்ந்திருப்போம்!