காலை எடுத்தாலும் விடாத பிரேக்

பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்ததும் காலிபர் பிஸ்டனைப் பின்னால் இழுப்பது எது? நான் கேட்ட பலரும் ஸ்பிரிங் என்றுதான் சொன்னார்கள். டிரம் பிரேக்குக்கு அது சரி. பிக்கப் வண்டிகளின் முன்சக்கர டிஸ்க் பிரேக்கில் அந்த வேலையைச் செய்வது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ஒரு ரப்பர் சீல். மிதிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து சீலும் லேசாக வளைகிறது. அழுத்தம் போனதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் கூட இழுத்து வருகிறது. அந்த அசைவு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அதனால்தான் கொஞ்சம் துரு ஏறினாலே பிரேக் பிடித்துக்கொள்கிறது.

அறிகுறிகள் தெரிந்தவைதான். வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கும், கருகின வாடை வரும். "மைலேஜ்தானே குறையுது, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று ஓட்டுபவர்கள் நிறைய பேர். அங்கேதான் ஆபத்து. புது டாட் 3 பிரேக் ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தண்ணீர் 3.7 சதவீதம் சேர்ந்த நிலையில் அந்த எல்லை 140 டிகிரிதான். மலை இறக்கத்தில், சுமையோடு, உரசிக்கொண்டே இருக்கும் பேட்களின் சூடு காலிபருக்குள் போனால் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகும். மிதித்தால் குமிழிதான் அமுங்கும், மிதி தரைக்குப் போய்விடும். விடாமல் பிடித்த பிரேக்தான் கடைசியில் பிடிக்கவே பிடிக்காத பிரேக் ஆகிறது.

என் மச்சான் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி இறக்குகிறார். அவருடைய பிக்கப்பில் இடது முன்சக்கரம் இப்படிப் பிடித்தபோது, "காலிபரையே மாத்திடுங்க" என்றுதான் ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். செலவு செய்வதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கச் சொன்னேன்.

சமதரையில், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். பிரேக்கை மிதித்து விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் காலிபரின் ப்ளீடர் நிப்பிளைக் கொஞ்சம் திறக்க வேண்டும்.

ஆயில் பீய்ச்சி அடித்து சக்கரம் சுழன்றால் காலிபர் மேல் சந்தேகம் வேண்டாம். அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் சிக்கியிருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் என்றால் பெரும்பாலும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் ஊதி அடைத்திருக்கும். இரண்டு முன்சக்கரமும் என்றால் மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். மச்சான் வண்டியில் ஹோஸ்தான். புது காலிபர் போட்டிருந்தாலும் அதுவும் பிடித்திருக்கும்.

நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் கோளாறு காலிபரில். அதைக் கழற்றி முதலில் ஸ்லைடு பின்களைக் கையால் இழுத்துப் பாருங்கள். இறுகியிருந்தால் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதும். சாதாரண கிரீஸ் வேண்டாம், அது ரப்பரை ஊத வைத்துவிடும். பின் நன்றாக நகர்ந்து பிஸ்டன்தான் இறுகியிருந்தால், அதை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் சீல் கிட் மாற்றலாம். துரு குழி விழுந்திருந்தால் பிஸ்டனோ முழு காலிபரோ மாற்றத்தான் வேண்டும். சுத்தியலால் தட்டி விடுவிப்பது பக்கத்து ஊர் போய்ச் சேர உதவும், வைத்தியம் ஆகாது.

எதை மாற்றினாலும் காற்றை எடுத்து, புது ஆயில் ஊற்றி, பேட்களை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. வழியில் சக்கரம் கொதித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் விரிசல் விடலாம். ஓரங்கட்டி ஆற விடுங்கள். மண்டிக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனாலும் காய்கறி விற்கும்.