பசுவின் வயிற்றில் கோடானுகோடி வேலைக்காரர்கள்!

மாட்டுப் பொங்கலன்று பசுவைக் குளிப்பாட்டுவார்கள். பொட்டு வைப்பார்கள். வாழை இலையில் பொங்கல் படைப்பார்கள். பசு ஆவலோடு தின்னும். அதைப் பார்த்து மகிழ்ந்து, இன்னொரு இலையும் போடுவார்கள்.

மறுநாள் பசு படுத்துக் கிடக்கும்! அசை போடாது. வயிறு உப்பியிருக்கும். மருத்துவர் வருமுன் இறந்து போவதும் உண்டு.

சோறு என்ன விஷமா? மனிதர் தினமும் தின்கிறார்களே!

வைக்கோல் பாலாவது எப்படி?

கடலூர், சிதம்பரம் வட்டாரம் நெல் விளையும் பூமி. மாட்டுக்கு வைக்கோல்தான் முக்கியத் தீனி. ஆனால் வைக்கோலைப் பசுவால் தானாக ஜீரணிக்க முடியாது. அந்த வேலையைச் செய்பவை அதன் பெருவயிற்றில் வாழும் நுண்கிருமிகள்.

பெரிய பசுவின் பெருவயிறு 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். அதிலுள்ள நீரில் ஒரு மில்லியில் மட்டும் சுமார் 1,000 கோடி கிருமிகள்! பசுவுக்குத் தீனி போடுகிறவர் உண்மையில் இவற்றுக்குத்தான் தீனி போடுகிறார்.

திடீரென்று நிறையச் சோறு விழுந்தால், மாவைத் தின்னும் கிருமிகள் மட்டும் பெருகும். அவை அமிலத்தைக் கக்கும். வைக்கோலைச் செரிக்கும் கிருமிகள் அதில் மடியும். அமிலம் இரத்தத்திலும் ஏறும். பசு சாய்ந்து விடும்.

ஈஸ்ட் செய்யும் உதவி

நல்ல கிருமிகளைத் தீவனத்தோடு கொடுப்பதற்குப் 'புரோபயாடிக்' என்று பெயர். ரொட்டியைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் இவற்றில் ஒன்று. பெருவயிற்றுக்குள் நுழையும் பிராணவாயுவை அது உறிஞ்சிக் கொள்ளும். காற்றுப் பிடிக்காத நல்ல கிருமிகள் அதனால் செழிக்கும். அமிலத்தைத் தின்னும் கிருமிகளுக்கும் அது துணை.

நல்ல கிருமிகளுக்குப் போடும் சாப்பாடு 'பிரிபயாடிக்'. காப்பித் தூளில் கலக்கிறார்களே சிக்கரி, அதன் வேரிலுள்ள 'இனுலின்' அப்படிப்பட்டது. கோழிக்கும் பால்குடிக் கன்றுக்கும் இது ஏற்றது.

தாயைக் காணாத குஞ்சுகள்

மெஷினில் பொரிக்கும் கோழிக்குஞ்சு தாயையே பார்ப்பதில்லை. தாயிடமிருந்து வரவேண்டிய நல்ல கிருமிகளும் அதற்குக் கிடைப்பதில்லை. பின்லாந்து விஞ்ஞானி எஸ்கோ நுர்மியும் அவருடைய கூட்டாளி ரன்டாலாவும் வளர்ந்த கோழியின் குடலில் இருந்ததை எடுத்துக் குஞ்சுகளுக்குப் புகட்டிப் பார்த்தார்கள். சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி அந்தக் குஞ்சுகளை எளிதில் அண்டவில்லை! 1973-ல் இதை வெளியிட்டார்கள்.

அந்நாளில் கால்நடை கொழுக்கத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பது பல நாடுகளில் வழக்கம். அதனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளர்ந்தன. மனிதருக்கும் ஆபத்து! 1986-ல் சுவீடன் அதைத் தடுத்தது. 2006-ல் ஐரோப்பிய யூனியன் முழுவதும் தடை வந்தது. இந்தியா 2019-ல், உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் 'கொலிஸ்டின்' என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கக்கூடாது என்று தடை போட்டது. அதனால் புரோபயாடிக்குக்கு மவுசு கூடியது.

வாங்குவோர் கவனிக்க

இது மருந்து அல்ல. விழுந்த பசுவை இது எழுப்பாது; அதற்கு மருத்துவர்தான் வேண்டும். பொங்கலும் பழமும் ஒரு கைப்பிடி போதும். புதுத் தீனியைச் சிறிது சிறிதாகத்தான் பழக்க வேண்டும். செலவில்லாத இந்த வழியே முதல் வழி.

எந்தப் பொடி, எவ்வளவு என்பதைக் கால்நடை மருந்தகத்தில் கேட்கலாம். கடலூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையமும் இருக்கிறது.

பொட்டலத்தின் மேலுள்ள தேதியைப் பார்த்து வாங்குங்கள். வெயில் படாமல் வையுங்கள். ஈஸ்ட் பொடியைச் சுடு கஞ்சியில் கொட்டாதீர்கள். ஈஸ்ட் வெந்து செத்துவிடும். கஞ்சி நன்றாக ஆறிய பிறகு கலக்குங்கள்.