உளநோய் மருந்தும் மகப்பேறும்

உளநோயும் உடல்நோயைப் போன்று மருந்தினால் அடக்கப்படுவதே என்னும் உண்மை 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைநாட்டப்பட்டது. 1949 இல் அவுஸ்திரேலிய வைத்தியர் ஜோன் கேட் இலித்தியத்தின் பயனை வெளியிட்டார். 1952 இல் பாரிஸ் நகரில் உளநோயாளருக்குக் குளோர்புரோமசின் வழங்கப்பட்டது. வாழ்நாளை விடுதிச் சுவர்களுக்குள் கழித்திருக்கக்கூடிய பலர், அதன்பின் இல்லறம் நடத்த வல்லராயினர். உடன் ஒரு புதிய வினாவும் பிறந்தது: மருந்தினால் நலமுற்றிருக்கும் பெண் தாயாக விரும்பின், அம்மருந்தை விடுவதா, தொடர்வதா?

'விடுவதே நன்று' என்பது பொதுமக்களின் விடை. அவ்வச்சம் காரணமற்றதன்று. 1957 இல் மேற்கு ஜேர்மனியில் உறக்க மருந்தாக விற்பனைக்கு வந்த தலிடோமைட்டு, 1961 இல் விலக்கப்படுவதற்குள் ஆயிரக்கணக்கான குழந்தைகளை உறுப்புக் குறையுடன் பிறக்கச் செய்தது. ஆயினும் மருந்துகள் யாவும் ஒரு தன்மையன அல்ல.

வலிப்பு நோய்க்கும் இருமுனை உளநோய்க்கும் வழங்கப்படும் வல்புரோயேற்று அவற்றுள் மிகவும் அஞ்சத்தக்கது. கருவில் அதற்கு உட்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்று பிறவிக் குறையுடன் பிறக்கின்றது; பத்தில் மூன்று அல்லது நான்கு குழந்தைகள் அறிவு வளர்ச்சியிற் பின்தங்குகின்றன. ஆதலின், மகப்பேற்றுக்குரிய வயதிலுள்ள பெண்களுக்கு அதனை வழங்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வலியுறுத்தியது. இலித்தியத்தின் நிலை வேறு. அது குழந்தையின் இதயத்தைப் பாதிக்கும் என்பது மெய்யே. ஆனால் 2017 இல் வெளிவந்த பெரியதோர் அமெரிக்க ஆய்வு, அவ்வபாயம் முன்னர் கருதப்பட்டதிலும் குறைவென்றும், மருந்தின் அளவு கூடுந்தோறும் அதுவும் கூடுமென்றும் காட்டியது. மனச்சோர்வுக்குரிய சேர்த்திரலின் போன்றவற்றைப் பெரும்பாலான தாய்மார் வைத்தியரின் மேற்பார்வையில் தொடரலாம்.

மருந்தை விடுதலும் தீங்கற்ற செயலன்று. 2006 இல் வெளியான ஆய்வொன்றில், கருவுற்ற காலத்தையொட்டி மனச்சோர்வு மருந்தை நிறுத்திய பெண்களுள் 100 க்கு 68 பேருக்கு நோய் மீண்டது. தொடர்ந்தவர்களுள் 26 பேருக்கே மீண்டது. நோய் மீண்ட தாய் உணவையும் உறக்கத்தையும் இழக்கிறாள், கிளினிக்குக்குச் செல்லாதொழிகிறாள், சில வேளைகளில் தன்னுயிரையே மாய்த்துக்கொள்ள முற்படுகிறாள். தாய்க்கு வரும் கேடு சேய்க்கும் கேடே.

இனி, காலமே இவ்விடயத்தில் தலையாயது. மூளையும் முண்ணாணும் உருவாகும் நரம்புக் குழாய் கருத்தரித்து ஏறக்குறைய 28 நாட்களுள் மூடிவிடுகிறது. தான் கருவுற்றிருப்பதைப் பல பெண்கள் உணருமுன்னரே அந்நாட்கள் கழிந்துவிடுகின்றன. அதன்பின் மருந்தை மாற்றுவது பெரும்பாலும் காலங்கடந்த செயலாகும். ஆகவே, கருவுறுதற்குப் பல மாதங்கள் முன்னரே வைத்தியருடன் ஆலோசித்து, வேண்டிய மாற்றத்தைச் சிறிது சிறிதாகச் செய்தல் வேண்டும்.

இவ்வறிவுரை நகரத்தார்க்கு எளிது. இலங்கையின் மிகவுயர்ந்த புகையிரத நிலையமாகிய பட்டிப்பொலவையும் அதனையடுத்த மலைநாட்டுத் தோட்டங்களையும் நோக்குவார்க்கு அதன் அருமை விளங்கும். அங்குள்ள பெண் மனநல வைத்திய நிபுணரைக் காண நுவரெலியாவுக்குச் செல்லல் வேண்டும். புகையிரதத்தில் நானுஓயா வரை சென்று, அங்கிருந்து பஸ் ஏறவேண்டும். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அஃது ஒரு நாட் பெயரை இழக்கும் பயணம். அதனினும் கொடியது மறைப்பு. திருமணப் பேச்சில் நோய் மறைக்கப்படின், மணமான பின் மாத்திரையும் மறைக்கப்படும். மாமியார் காணாதபடி விழுங்க இயலாத நாளில் அது கைவிடவும்படும்.

இத்தடையை நீக்கவல்ல வழி முன்னரே உளது. புதுமணத் தம்பதியரைப் பதிவுசெய்து, போலிக் அமில மாத்திரை வழங்க லயத்து வாசல்வரை வருபவர் பொதுச் சுகாதார மருத்துவமாது. அம்மாத்திரை நன்றேயெனினும், வல்புரோயேற்றினால் வரும் தீங்கை முற்றும் தடுக்கவல்லதன்று. எனவே அதனைக் கொடுக்கும்போதே, "வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா, பிள்ளை?" என்று தனிமையில் அன்புடன் வினவுதல் இன்றியமையாதது. அவ்வினாவுக்கு அஞ்சாது விடை கூறும் நிலையைப் பெண்ணுக்கு அளித்தல் கணவனுக்கும் குடும்பத்தார்க்கும் உரிய கடமையாகும். தானாக நிறுத்தலும் தவறு. கேளாது தொடர்தலும் தவறு. காலத்தே கேட்டுத் தெளிதலே தாய்க்கும் சேய்க்கும் காப்பு.