சின்னப் பிள்ளைகளுக்குத்தானே!



"சின்னப் பிள்ளைகளுக்குத்தானே, எதையாவது எழுதிக் கொடுத்தால் போதும்" என்று சொல்வோரை நீங்களும் கண்டிருப்பீர்கள். ஏன், இரவில் கதை கேட்டு மடியில் வந்து விழும் பிள்ளைக்கு, "ஒரு ஊரில் ஒரு முயல்" என்று தொடங்கிக் கொட்டாவியோடு முடித்துவிடும் உம்மாமார் நம்மிலும் இல்லையா?

1949 ஜூலையில், அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த எழுத்தாளர் மாநாடொன்றில் இந்த அலட்சியத்துக்கு எதிராக ஒருவர் வகுப்பெடுத்தார். டொக்டர் சூஸ் என்ற பெயரில் எழுதிய தியோடர் கைசல்தான் அவர். விளாடிமிர் நபக்கோவ் போன்ற பெரும் நாவலாசிரியர் கற்பித்த இடத்தில், படக்கதை எழுதும் இவருக்கும் ஓர் இடம் கிடைத்தது. சொந்தப் பிள்ளைகள் இல்லாதவர். இவரது முதல் நூலை இருபதுக்குக் குறையாத பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிறகே, 1937இல் அது வெளிவந்தது. அவரது உரையொன்றின் தலைப்பு, 'திருமதி மல்வேனியும் பில்லியன் டொலர் முயலும்'. முயல் கதை எழுதிப் பணம் பார்க்க நினைப்போர் மீதான கேலி தலைப்பிலேயே தெரிகிறதல்லவா?

அந்த உரைகளை நூலாக்க விரும்பினார். பதிப்பாளர் விரும்பவில்லை. படக்கதைக்காரர் பாடம் சொல்வதா என்று நினைத்தார்கள் போலும்!

ஆனால், சொன்னதை அவர் செய்து காட்டினார். அமெரிக்கப் பிள்ளைகளின் வாசிப்புப் புத்தகங்கள் சலிப்பூட்டுகின்றன என்று 1954இல் ஒரு சஞ்சிகைக் கட்டுரை குறைகூறியது. ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்குரிய சொற்பட்டியலைக் கையில் கொடுத்து, இதற்குள் நின்று ஒரு கதை எழுதுங்கள் என்றார் ஒரு பதிப்பாளர். ஓராண்டுக்கு மேல் மல்லுக்கட்டினார். 1957இல் தொப்பி போட்ட பூனையின் கதை பிறந்தது. அதில் மொத்தம் 236 வெவ்வேறு சொற்களே. 1960இல் இன்னொரு நூலை 50 சொற்களுக்குள் அடக்கினார். நாம் ஒரு மூச்சில் பேசித் தீர்த்துவிடும் சொற்கள் அவை.

இவரிடமும் குறை இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானியரை இழிவுபடுத்திக் கேலிச்சித்திரங்கள் வரைந்தவர் இவர். பிள்ளைகளின் சிரிப்பு களங்கமற்றது. பிற இனத்தவரை எள்ளி நகைப்பது பெரியவர்கள் பழகிக்கொண்ட சிரிப்பு என்று பின்னர் 1952இல் ஒரு கட்டுரையில் எழுதினார். 1953இல் ஜப்பான் சென்று வந்தார். அடுத்த ஆண்டு, தூசித்துகளில் வாழும் சின்னஞ்சிறியவர்களின் குரலைக் கேட்டு அவர்களைக் காக்கும் யானையின் கதையை எழுதி, கியோட்டோ நகரப் பேராசிரியர் ஒருவருக்குக் காணிக்கையாக்கினார்.

சகோதரிகளே, 1937இல் வந்த அந்த முதல் நூலிலும் ஒரு சீனரின் கேலிப்படம் இருந்தது. 1978இல் சூஸ் அதன் மஞ்சள் நிறத்தையும் சடையையும் நீக்கித் திருத்தினார். அது போதவில்லை. அவர் 1991இல் காலமானார். அவரது நூல்களுக்குப் பொறுப்பான நிறுவனமே, 2021இல் அந்நூல் உட்பட ஆறு நூல்களின் பதிப்பை நிறுத்திவிட்டது.