நாரில் கட்டிய முள்

தோப்புக்கு வேலி போடும்போது கையைக் கிழித்துக்கொண்ட காரைக்குடி வாசகர் ஒருவர், "இந்த முள்கம்பியை யார் கண்டுபிடித்தது?" என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

மாட்டுக்காகப் பிறந்த கம்பி அது. அமெரிக்கப் புல்வெளியில் வேலிக்கு மரமும் கிடையாது, கல்லும் கிடையாது. முள்செடி நட்டால் வளர்ந்து அடைக்க வருஷக்கணக்கில் ஆகும். வெறும் கம்பியை மாடு சாய்ந்தே தளர்த்திவிடும். 1873இல் இல்லினாய் மாநிலத்து டீகால்ப் கண்காட்சியில் ஹென்றி ரோஸ் என்பவர் கூர்முனைகள் பதித்த மரச்சட்டத்தை வேலியில் மாட்டிக் காட்டினார். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் வேலையில் இறங்கிய மூவரில் ஜோசப் கிளிடன் என்ற விவசாயியும் ஒருவர்.

காப்பிக்கொட்டை அரைக்கும் மிஷினைத்தான் அவர் முள் வளைக்கப் பயன்படுத்தினார். வளைத்தாயிற்று, ஆனால் கம்பியில் மாட்டிய முள் நழுவி நழுவி ஓரத்தில் போய்ச் சேர்ந்தது. இன்னொரு கம்பியைக் கூடச் சேர்த்து முறுக்கினார். முள் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் அப்பத்தா முற்றத்தில் உட்கார்ந்து மல்லிகை கட்டுவதைப் பார்த்தவன் நான். நாரைச் சுற்றி ஒரு இழுப்பு; அதற்குப் பிறகு காம்பு அசையாது. கிளிடனின் சூட்சுமமும் அந்த இறுக்கம்தான். வெயிலில் நீண்டு குளிரில் சுருங்குவதையும் முறுக்கு தாங்கிக்கொள்ளும். 1874 நவம்பர் 24இல் காப்புரிமை கிடைத்தது. போட்டிக்காரர்களோடு நடந்த வழக்கு 1892இல்தான் உச்ச நீதிமன்றத்தில் அவர் பக்கம் முடிந்தது.

அதற்குள் மாடுகள் விலை கொடுத்துவிட்டன. 1886 குளிர்காலத்தில் டெக்சாஸ் பக்கம் பனிப்புயலுக்குத் தெற்கே ஒதுங்கிய மந்தைகள் கம்பிவேலியில் முட்டி நின்று, ஆயிரக்கணக்கில் விறைத்துச் செத்தன.

நம் பக்கத்தில் கிளுவைப் போத்து ஊன்றினால் வேலி. கள்ளியும் இலந்தை முள்ளும் வேலி. சீமைக்கருவேலத்துக்கே வேலிகாத்தான் என்றொரு பேர் உண்டு. கிளுவை வேலியில் ஓணான் இருக்கும், செம்போத்து கூடு கட்டும். அதை வெட்டிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுக்கிறோம். இழுக்கட்டும், களவுக்குப் பயந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். அறுந்த கம்பியைச் சுருட்டி எடுக்காமல் போட்டுவிட்டுப் போவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

போன தையில் மஞ்சுவிரட்டு முடிந்து வந்த எங்கள் தெருக் காளை ஒன்று, கண்மாய்க்கரைப் புல்லுக்குள் கிடந்த கம்பியில் காலை விட்டது. முன்னங்காலில் இரண்டு சுற்று. இழுக்க இழுக்க இறுகியது. மூன்று பேர் அமுக்கிப் பிடிக்க, கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்தோம். கம்பி முழுக்கத் துரு. முள் ஒன்றுகூட நழுவியிருக்கவில்லை.